புதுப் பெட்டரியும் ஸ்டார்ட் ஆகாத வேனும்

சென்ற நவம்பரில் ஒரு மழை இரவு. மணி இரண்டு இருக்கும். பசறை வீதிக்கு மேலேயுள்ள தோட்டத்து லயமொன்றிலிருந்து இரண்டு பேர் டோர்ச் லைட்டுடன் இறங்கி வந்து எங்கள் கதவைத் தட்டினார்கள்.

"நானா, கொஞ்சம் வேனை எடுங்க. மகளுக்கு வலி கண்டுருச்சு."

வாப்பா வேன் வைத்து ஹயர் ஓடுபவர். சாரனை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடினார். பிஸ்மி சொல்லிச் சாவியைத் திருப்பினார். டிக், டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். திரும்பவும் திருப்பினார். அதே டிக், டிக். முன்விளக்கைப் போட்டுப் பார்த்தார், பளிச்சென்று எரிந்தது. சாவியைத் திருப்பும்போது மட்டும் அந்த விளக்கும் மங்கி மங்கி எரிந்தது.

எங்கள் பக்கத்தில் வாகனம் வைத்திருப்பவர்கள் எப்போதும் முன்பக்கம் பள்ளத்தைப் பார்க்கும்படி நிறுத்திச் சில்லுக்குக் கல் வைப்பார்கள். பெட்டரி காலை வாரினாலும் கல்லை எடுத்துவிட்டு உருட்டி, இரண்டாம் கியரில் கிளச்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஊவா மலைகள் எங்களுக்குக் கொடுத்த இலவச ஸ்டார்ட்டர் அது. அன்று பார்த்து வீட்டு முன்னால் சல்லிக் கும்பம் கிடந்ததால் வேனை மதிலோரம் மட்டமான இடத்தில் நிறுத்தியிருந்தார் வாப்பா. நான்கு பேர் தள்ளியும் சேற்றில் அது உருளவில்லை. கடைசியில் முச்சக்கரவண்டிக்காரர் ஒருவரை எழுப்பி, அந்தப் பெண்ணை அதில் ஏற்றி, தார்ப்பாயால் மறைத்துப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அல்ஹம்துலில்லாஹ், தாயும் பிள்ளையும் சுகம். ஆனால் அந்த வண்டி குலுங்கிக் குலுங்கி வளைவில் மறைந்ததைப் பார்த்துக்கொண்டு வாப்பா மழையில் நின்ற நிலை எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

வாப்பாவை அதிகம் நோகடித்த விடயம் வேறு. அந்தப் பெட்டரி வாங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அதற்கு முந்திய பெட்டரியும் இதே டிக், டிக் என்றுதான் காட்டியது. "பெட்டரி முடிஞ்சு, புதுசு போடுங்க" என்று சொன்னார்கள், போட்டோம். ஒரு மாத ஹயர் காசு அதில் போனது. மூன்று வாரம் வேன் ஒழுங்காக ஓடியது. பிறகு அந்த இரவு.

விடிந்ததும் நானாவின் மல்ட்டிமீற்றரை எடுத்துக்கொண்டு வேனடிக்குப் போனேன். நானா கைத்தொலைபேசி திருத்துபவர். உயர்தரப் பௌதிகவியலில் அப்போதுதான் ஓட்டமின்னியல் முடித்திருந்தோம். பெட்டரியின் இரு முனைகளிலும் கம்பிகளை வைத்தேன். 12.6 வோல்ற்று. ஈய அமிலப் பெட்டரியில் ஆறு கலங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ற்று. எனவே 12.6 என்றால் நிறைந்த பெட்டரி. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசி அளவே மிச்சம் என்று ஒரு கணக்கு உண்டு. ஒன்றும் ஓடாமல் சில மணி நேரம் நின்ற பெட்டரிக்கே இது பொருந்தும்.

"பாத்தியா மகள், பெட்டரி நல்லாத்தான் ஈக்குது. ஸ்டார்ட்டர்தான் போயிருக்கும்" என்றார் வாப்பா. அடுத்த செலவு ஸ்டார்ட்டர் என்று அவர் முகத்தில் தெரிந்தது.

போனட்டுக்குள் மோட்டார் இருக்கிறது, பெட்டரி இருக்கிறது, இரண்டுமே நல்லதாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் இடையிலுள்ள பாதையை யாரும் பார்ப்பதில்லை. எங்கள் பெட்டரியின் மறை முனையில், இறுக்கிப் பிடிக்கும் கவ்விக்கு அடியில், வெள்ளையும் நீலப் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தது. அமில ஆவி ஈயத்தையும் செம்பையும் தின்று விட்ட மிச்சம் அது. நீலப் பச்சை நிறத்தை ஆய்வுகூடத்துச் செப்புச் சல்பேற்றுப் போத்தலில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பெட்டரியை மாற்றியபோது அந்தப் பழைய கவ்வியைச் சுத்தம் செய்யாமல் அப்படியே புது முனையில் மாட்டியிருக்கிறார்கள். கழற்றி மாட்டியதில் கொஞ்சம் உரசி, புதிதாகத் தொட்ட இடத்தால் மூன்று வாரம் ஓட்டம் போயிருக்கிறது. பெட்டரியை மாற்றியதால் வேன் திருந்தவில்லை. கவ்வியைக் கழற்றி மாட்டியதால்தான் திருந்தியது.

அப்படியானால் மீற்றர் ஏன் 12.6 காட்டியது? விளக்கு ஏன் பளிச்சென்று எரிந்தது? இந்த இரண்டும்தான் பலரை ஏமாற்றுகின்றன. கணக்கைப் பாருங்கள். ஒரு டீசல் வேனின் ஸ்டார்ட்டர், எஞ்சினைச் சுழற்றும்போது ஏறத்தாழ 250 அம்பியர் இழுக்கிறது என்று வைப்போம். வீட்டில் ஒரு மின்குமிழ் இழுப்பது ஒரு அம்பியரிலும் குறைவு. 12.6 வோல்ற்றை 250 ஆல் வகுத்தால், பெட்டரியின் அகத்தடை, வயர், மோட்டார் எல்லாம் சேர்ந்த தடை வெறும் 0.05 ஓம். இதில் 0.01 ஓம் பெட்டரிக்குள்ளேயே இருக்கும். (சுழலும் மோட்டாரை வெறும் தடையாக எடுப்பது சரியல்ல என்று எங்கள் ஆசிரியை சொல்வார், பருமட்டான கணக்குக்கு இது போதும்.) இப்போது கவ்வியில் பூத்த பொடி இன்னொரு 0.05 ஓம் சேர்க்கிறது என்று வையுங்கள். மொத்தத் தடை இரட்டிப்பாகி ஓட்டம் 126 அம்பியராகக் குறைந்துவிடும். பாதி ஓட்டத்தில் மோட்டாரின் சுழற்றும் பலம் பாதியை விடவும் குறையும். குளிர்ந்த டீசல் எஞ்சினை அது அசைக்காது.

ஆனால் முன்விளக்குகளுக்கு வேண்டியதோ இரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 9 அம்பியர்தான். அதே 0.05 ஓமில் 9 அம்பியர் ஓடினால் இழப்பு 0.45 வோல்ற்று. கண்ணுக்கே தெரியாது. மீற்றரின் உட்தடையோ ஒரு கோடி ஓம் அளவில் இருக்கும். அதனூடாக ஓடுவது ஒரு மைக்ரோ அம்பியர் மட்டும். அதற்கு எந்தப் பொடியும் தடையாகத் தெரியாது. ஒற்றையடிப் பாதையில் ஓராள் நடந்து போகலாம், கொழுந்து லொறி போக முடியாது அல்லவா? விளக்கு எரிகிறது என்பதை வைத்து "கரண்ட் ஒழுங்கா வருது" என்று சொல்வது, ஓராள் நடந்து போனதைப் பார்த்து லொறியும் போகும் என்று சொல்வது போலத்தான்.

எனவே சோதனையை மோட்டார் இழுக்கும் நேரத்தில்தான் செய்ய வேண்டும். மீற்றரின் ஒரு கம்பியைப் பெட்டரியின் ஈய முனையின் உச்சியில் வைத்தேன். மற்றதை அதே முனையைக் கவ்வியிருக்கும் கவ்வியில் வைத்தேன். இரண்டும் தொட்டுக்கொண்டிருப்பவை, வித்தியாசம் பூச்சியமாக இருக்க வேண்டும். "வாப்பா, இப்ப திருப்புங்கோ" என்றேன். எண்கள் ஆடின, ஆனாலும் 6 வோல்ற்றுக்குக் கீழே இறங்கவில்லை. நல்ல தொடுப்பில் இது 0.2ஐத் தாண்டக்கூடாது. பெட்டரி கொடுத்ததில் பாதி, மோட்டாருக்குப் போகாமல் அந்தப் பொடியிலேயே இறங்கிக்கொண்டிருந்தது.

மீற்றர் இல்லாதவர்களுக்கு இதைவிட எளிய வழி உண்டு. சில விநாடிகள் சாவியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, உடனே கவ்விகளைத் தொட்டுப் பாருங்கள். கெட்ட தொடுப்பு சுடும். 126 அம்பியர், 0.05 ஓம் என்றால் வெளிவரும் வெப்பம் கிட்டத்தட்ட 800 வாற்று. துணி அழுத்தும் அயன் ஒன்றுக்குக் கிட்டிய அளவு. ஒற்றை விரலால், மெதுவாகத் தொடுங்கள்.

மற்ற வேலையெல்லாம் அரை மணி நேரம். வளையல், மோதிரம் எல்லாவற்றையும் முதலில் கழற்றி உம்மாவிடம் கொடுத்தேன். இது அலங்காரப் பேச்சல்ல. நேர் முனையையும் வாகன உடலையும் ஒரு தங்க வளையல் சேர்த்துத் தொட்டால், அது சிவக்கச் சிவக்கச் சுட்டுக் கையோடு ஒட்டிக்கொள்ளும். மறை முனையை முதலில் கழற்ற வேண்டும். மறை முனை வாகன உடலோடு தொடுக்கப்பட்டிருப்பதால், அதைக் கழற்றும்போது ஸ்பெனர் உடலில் பட்டாலும் பொறி பறக்காது. நேர் முனையை முதலில் கழற்றினால் பறக்கும். மாட்டும்போது நேர் முனை முதலில், மறை முனை கடைசியில். வெந்நீரில் அப்பச்சோடா கரைத்து ஊற்றியதும் பொடி நுரைத்துப் பொங்கியது. அமிலமும் காரமும் சேர்ந்து காபனீரொட்சைட்டு வெளியேறும் அதே பழைய தாக்கம். பெட்டரியின் மூடிகள் இறுகியிருக்க வேண்டும், சோடா உள்ளே போகக்கூடாது. பழைய பற்தூரிகையால் தேய்த்து, கவ்வியின் உட்புறத்தைக் கத்தி முதுகால் பளபளக்கச் சுரண்டி, துடைத்து மாட்டி இறுக்கினோம். மேலே கொஞ்சம் வசலீன். வாப்பா சாவியைத் திருப்பினார். ஒரே தடவையில் எஞ்சின் பிடித்தது. உம்மா குசினி ஜன்னலால் எட்டிப் பார்த்தார். வாப்பா ஒன்றும் பேசவில்லை. எஞ்சினை நிறுத்தினார், இன்னொரு தடவை ஸ்டார்ட் செய்தார், திரும்பவும் நிறுத்தினார், திரும்பவும் ஸ்டார்ட் செய்தார்.

அதற்குப் பிறகு அயலவர்களின் வாகனங்களுக்கும் சும்மா காது கொடுக்கத் தொடங்கினேன். சத்தமே பாதி விடையைச் சொல்லிவிடும். எங்கள் வேனைப் போல வேகமாக டிக், டிக் என்றால், ஸ்டார்ட்டரின் மேலுள்ள சொலினொயிட் இழுத்து மூடுகிறது, மோட்டார் இழுத்தவுடன் வோல்ற்று சரிகிறது, பிடி விட்டுப் போகிறது, வோல்ற்று மீள்கிறது, திரும்ப இழுக்கிறது. எனவே ஒன்றில் பெட்டரி வற்றியிருக்கிறது, அல்லது தொடுப்பு கெட்டிருக்கிறது. "டொக்" என்று ஒரேயொரு கனத்த சத்தம் கேட்டு, விளக்கும் மங்காமல் இருந்தால், ஓட்டம் மோட்டாருக்குள் போகவே இல்லை. சொலினொயிட்டின் செப்புத் தகடு கருகியிருக்கலாம், அல்லது மோட்டாரின் கரித் துண்டுகள் தேய்ந்திருக்கலாம். பழைய சாரதிகள் ஸ்டார்ட்டரைச் சுத்தியலால் மெல்லத் தட்டி ஓடவைப்பது இந்த இடத்தில்தான். தேய்ந்த கரி கொஞ்சம் நகர்ந்து தொட்டுக்கொள்ளும். அது கராஜ் வரை போவதற்கு மட்டுமே. சத்தமே இல்லாவிட்டால் முதலில் பியூஸ், பிறகு சாவி ஆளி. ஓட்டோ கியர் கார் என்றால் கியரை 'என்' இல் போட்டுப் பாருங்கள். கியர்த் தண்டின் அடியிலுள்ள சிறிய ஆளி தேய்ந்து 'பி' யை அடையாளம் காணாமல் விடுவதுண்டு.

இன்னொரு பாதையையும் பார்க்க வேண்டும். பெட்டரியிலிருந்து புறப்பட்ட ஓட்டம் எஞ்சினால் திரும்பி வர வேண்டும். எஞ்சின் ரப்பர்த் துண்டுகள் மேல் உட்கார்ந்திருப்பதால், அதையும் வாகன உடலையும் தொடுப்பது ஒரு பின்னிய செப்புப் பட்டி மட்டுமே. எங்கள் வீதிகளின் சேறும் மழையும் அதை அரித்துவிட்டால், ஓட்டம் வேறு வழி தேடும். அக்ஸிலேட்டர் கம்பி, கிளச் கம்பி வழியாகக்கூடப் போகும். ஸ்டார்ட் செய்யும்போது அக்ஸிலேட்டர் கம்பி சுடுகிறது, புகைகிறது என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள்.

ஸ்டார்ட்டர் நன்றாகச் சுழன்றும் எஞ்சின் பிடிக்காவிட்டால் கதை வேறு. டீசல் எஞ்சினில் தீப்பொறி பாய்ச்சும் பிளக் கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே டீசல் பற்ற வேண்டும். பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றரில் இருக்கிறது. பண்டாரவளை 1200ஐயும் அப்புத்தளை 1400ஐயும் தாண்டிவிடும். அங்கு மார்கழி விடியலில் எஞ்சின் இரும்பே அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும். அதனால்தான் சாவியைப் பாதி திருப்பியதும் சுருள் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. ஹீட்டர் பிளக்குகள் சூடாகின்றன, அது அணையும்வரை பொறு என்று அர்த்தம். பொறுத்தும் பிடிக்காவிட்டால் அந்தப் பிளக்குகளையோ அவற்றின் ரிலேயையோ பார்க்க வேண்டும். பழைய டீசல் பம்புகளில் இன்னுமொன்று உண்டு: சாவியைப் போட்டதும் பம்பிலிருந்து மெல்லிய 'டிக்' ஒன்று வர வேண்டும். டீசலைத் திறந்துவிடும் சொலினொயிட்டின் சத்தம் அது. அதன் ஒற்றை வயர் கழன்றிருந்தால் நாள் முழுக்கச் சுழற்றினாலும் எஞ்சின் பிடிக்காது.

குளிர் பெட்டரியையும் படுத்தும். அமிலத்தின் தாக்கம் மந்தமாகும். எஞ்சின் எண்ணெய் தடித்து, மோட்டாருக்குப் பாரம் கூடும். ஆனால் பெட்டரியை உண்மையில் கொல்வது வெப்பம்தான். குளிர் அதைக் காட்டிக் கொடுக்கும். மகியங்கனைப் பக்கம் வெயிலில் ஓடி வந்த வாகனம் அப்புத்தளையில் ஒரு விடியலில் கைவிரிப்பது இதனால்தான்.

ஓடாமல் நிற்பதும் கேடு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதும், 2022இல் எரிபொருள் இல்லாமல் வரிசையில் காத்துக் கிடந்து, பிறகு கியூ ஆர் அட்டைக்கு அளந்து அடித்தபோதும் எத்தனை வாகனங்கள் வாரக் கணக்கில் நின்றன! எரிபொருள் கிடைத்த நாளில் பெட்டரி இல்லை. மணிக்கூடு, அலாரம், ரேடியோ நினைவகம் எல்லாம் சேர்ந்து 50 மில்லி அம்பியர் இழுத்தால், 70 அம்பியர் மணிப் பெட்டரி 1400 மணித்தியாலத்தில், அதாவது 58 நாளில் முழுதாக வற்றும். பாதி வற்றியதுமே ஸ்டார்ட் ஆகச் சிரமப்படும் என்பதால் ஒரு மாதம் என்று கொள்ளுங்கள். உள்விளக்கு ஒன்றை அணைக்க மறந்தால் ஒரு வாரம்கூடத் தேவையில்லை. அத்தோடு, வற்றிய பெட்டரியை அப்படியே விட்டால் தகடுகளில் ஈயச் சல்பேற்று கெட்டிப் பளிங்காக இறுகிவிடும். பிறகு சார்ஜ் ஏறாது. நீண்ட நாள் நிறுத்துவதென்றால் மறை முனையைக் கழற்றி வைத்தால் போதும்.

இன்னொரு வாகனத்திலிருந்து கரண்ட் எடுப்பது நம் வீதிகளில் அன்றாடக் காட்சி. சிவப்பு வயர் முதலில் வற்றிய பெட்டரியின் நேர் முனையில், அடுத்து நல்லதன் நேர் முனையில். கறுப்பு வயர் நல்லதன் மறை முனையில். அதன் மறுநுனி வற்றிய பெட்டரியில் அல்ல, அந்த எஞ்சினின் வெறும் இரும்பில், பெட்டரியிலிருந்து தள்ளி. கடைசித் தொடுப்பில் பொறி பறக்கும், பெட்டரியிலிருந்து ஐதரசன் கசிந்திருக்கும், இரண்டும் சந்திக்கக்கூடாது. துரைமார் காலத்துப் பழைய ஆங்கிலேயக் கார்கள் பலவற்றில் நேர் முனைதான் உடலோடு தொடுக்கப்பட்டிருக்கும். அவற்றில் கறுப்பு வயர் என்றால் உடல் என்று நம்பிக் கைவைக்காதீர்கள்.

போனட்டைத் திறந்து நின்ற அன்று, வீதியால் போன ஒருவர் "பொம்புளப் புள்ளைக்கு ஏன் இந்த வேலை" என்று வாப்பாவிடம் கேட்டார். அவருக்குச் சொல்ல அன்று எனக்கு ஒன்றும் வாயில் வரவில்லை. பிறகு வாசித்ததை இங்கே எழுதுகிறேன். 1888 ஓகஸ்டில் ஜேர்மனியில், கணவரின் புதுக் கண்டுபிடிப்பான காரை எடுத்துக்கொண்டு இரண்டு மகன்மாரோடு மன்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓட்டிப் போனவர் பெர்த்தா பென்ஸ் என்ற பெண். வழியில் எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தாராம். பற்றவைக்கும் வயரின் காப்பு தேய்ந்தபோது காலுறைப் பட்டியைச் சுற்றிக் கட்டினாராம். உலகத்தின் முதல் நெடும் பயணத்திலேயே மின்பழுது வந்திருக்கிறது, அதைத் திருத்தியவர் ஒரு பெண். அந்நாளில் எஞ்சினைக் கையால் சுழற்றித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பின்னர் வந்த ஹேண்டில் திருப்பி அடித்து மணிக்கட்டை முறிக்கும். மொரிஸ் மைனர் காரின் முன்புறத்தில் அந்த ஹேண்டில் நுழையும் துளையை இன்றும் பார்க்கலாம். அமெரிக்காவில் சார்ள்ஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டுக் கடிலாக் கார்களில் வந்த பிறகுதான், கைப்பலம் இல்லாதவரும் தனியே காரை எடுக்க முடிந்தது. கெட்டரிங்குக்கு வேண்டிய ஈய அமிலப் பெட்டரியோ 1859இலேயே பிரான்சில் கஸ்தோன் பிளாந்தே செய்து வைத்தது.

வேன் ஓடத் தொடங்கியதும் கடைசியாக ஒரு அளவு எடுத்தேன். எஞ்சின் ஓடும்போது பெட்டரி முனைகளில் 14.2 வோல்ற்று. 13.8க்கும் 14.4க்கும் இடையில் இருந்தால் ஓல்ட்டர்னேட்டர் ஒழுங்காகச் சார்ஜ் ஏற்றுகிறது. எங்களுடையதில் அதுவும் பிழையில்லை, ஸ்டார்ட்டரும் பிழையில்லை, பெட்டரியும் பிழையில்லை. இப்போது வேன் திரும்பவும் பள்ளத்தைப் பார்த்து, சில்லுக்குக் கல்லோடுதான் நிற்கிறது. சீட்டுக்கு அடியில் ஒரு 10ஆம் நம்பர் ஸ்பெனர், பற்தூரிகை, பழைய ஹோர்லிக்ஸ் போத்தலில் அப்பச்சோடா. மூன்று வாரத்துக்கு முன் புதியதற்காகக் கழிவு விலைக்குக் கொடுத்த அந்தப் பழைய பெட்டரிதான் வாப்பாவுக்கு இன்னும் மறக்கவில்லை. "அது இப்ப யாருட வேனில நல்லா ஓடுதோ தெரியா மகள்" என்கிறார்.